ஒன்பதாவது பாக்கெட்

அத்தியாயம் 6

நெய்ஹூவின் கம்பெனிக் கட்டடங்களில் மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். மாடி மொத்தமும் மேஜைமேல் குட்டித் தலையணை போட்டுக் கவிழ்ந்துவிடும். ஒன்றரை வரைக்கும் கட்டடம் இடிந்தாலும் யாரும் யாரையும் எழுப்பமாட்டார்கள். எழுப்பினால் அதுதான் குற்றம்.

அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் தூ யா-பிங் ஆறாவது மாடிக்கு வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஆ-ஷெங் போனான், இரண்டு கையிலும் முப்பத்திரண்டு பால் டீ. வரவேற்பில் இருந்த பெண் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"குரூப் ஆர்டர்," என்றான் ஆ-ஷெங் ரகசியமாக. "பாதி சர்க்கரை, ஐஸ் இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்பக்கம் காட்டினாள்.

"பாத்தீங்களா தலைவி? துப்பாக்கி வெச்சிருந்தாகூட இவ்வளவு சுலபமா உள்ள விட்டிருக்க மாட்டா."

"வாயை மூடிக்கிட்டு வாய்யா."

யா-பிங்குக்கு வயது முப்பத்தொன்று. கம்பெனிகளுக்குள் கணினியை வைத்து நடக்கிற பித்தலாட்டங்களைத் துப்பறிவது தொழில். ஆ-ஷெங் அவளுடைய உதவியாள், டிரைவர், சாப்பாட்டு விமர்சகர். இந்த வழக்குக்கு அவள் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த சந்தர்ப்பத்துக்குக் கூலி கேட்பார்களா?

தூணுக்குப் பின்னால், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு கெ மோ-லி நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது. துங்ஷி கடற்கரையில் சிப்பி உடைக்கிற குடும்பத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். யா-பிங் படித்த அதே கல்லூரியில் ஆறு வருடம் பின்னால் படித்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, தப்பு என்னோடதுதான்னு ரெண்டு மணிக்குக் கையெழுத்து."

"தெரியும். போடலைன்னா என்ன ஆகும்னான் உங்க மேனேஜர் ஹௌ?"

"போட்டா கம்பெனியே வக்கீல் வெச்சுப் பாத்துக்குமாம். போடலைன்னா நான் தனியா கோர்ட்ல நிக்கணுமாம்."

"எனக்கும் அதே பாட்டுதான் பாடினான். இதே மாடி, இதே ரூம். போட்டேன். வக்கீலும் வரல, குமாஸ்தாவும் வரல. 'கவனக்குறைவான ஊழியர்'னு ஒரு பட்டம் வந்துச்சு. எங்கம்மா ஹைவே ஓரம் பாக்குக் கடையில உக்காந்து படிக்க வெச்ச பட்டத்த இது சாப்பிட்டுடுச்சு."

யா-பிங் இதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசிப் பழகியவள்.

நடந்தது இதுதான். டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கணினியிலிருந்து வெறும் தகவலாக இந்தக் கம்பெனிக்கு வரும். பெயர், மருந்து, அளவு, வேளை. அதை நோயாளி படிக்கிற எழுத்தாக மாற்றி மருந்து உறைமேல் அச்சடிக்க ஒரு விதிப் பட்டியல் உண்டு. 'இதைப் பார்த்தால் இப்படி அச்சடி' என்று வரிசையாகச் சொல்லும் அதற்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். மோ-லியின் வேலை அதை எழுதுவது. திங்கட்கிழமை மாலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குப் போன உறையில், அரைத் தூக்க மாத்திரை என்பதற்குப் பதில் ஐந்து என்று அச்சாகியிருந்தது. உறை சொன்னபடி விழுங்கினார். செவ்வாய் விடிகாலை குளியலறையில் விழுந்தவர் இன்னும் கண் திறக்கவில்லை. இன்று புதன்.

"குற்றம் சாட்டின வரியக் காட்டு."

மூவரும் மோ-லியின் மேஜைக்கடியில், தரையில் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் மூன்று விதமான குறட்டை. மோ-லி நிரல் எழுதும் திரையைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள்.

"இது என் ஃபைல்தான். ஆனா இந்த வரி நான் எழுதல. செவ்வாய்க்கிழமை காலையில ஹௌ சார் எல்லாரையும் கூப்பிட்டு ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினாரு. அப்பத்தான் நானே முதல் தடவை பாக்கறேன்."

யா-பிங் படித்தாள். எண்ணில் புள்ளியும் பூஜ்யமும் எங்கே இருந்தாலும் துடைத்துவிடு என்றது அந்த வரி. 1.0 என்று வந்தால் 1 ஆகும். பார்க்க அழகாக இருக்கும். 0.5 என்று வந்தால்?

"அஞ்சு," என்றான் ஆ-ஷெங். "அடப்பாவி. பத்து வந்தா ஒண்ணு ஆயிடும். இத எழுதினவன் வீட்ல பத்துப் புள்ள இருந்தா, சாயங்காலம் ஒண்ணத்தான் கூட்டிட்டு வருவான்."

"திங்கட்கிழமை வந்த சீட்டெல்லாம் கைவசம் இருக்கா?"

"இருக்கு அக்கா. காப்பி எடுத்து வெச்சிருக்கேன்."

"அந்தத் தாத்தாவோட சீட்ட ஓட்டு. இந்த ஃபைல வெச்சே ஓட்டு."

யா-பிங் அந்த வரியின் ஓரத்தில் அழுத்தினாள். சிவப்புப் புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டது. ஓட்டம் அந்த வரியை மிதித்தால் அங்கேயே உறைந்து நிற்கும். அப்போது எந்தத் தகவல் உள்ளே வந்தது, என்னவாகி வெளியே போகிறது என்று ஒவ்வொரு அடியாகப் பார்க்கலாம். பிழை தேடும் கருவி, டீபக்கர், வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஹௌ செய்யவில்லை. அவன் இந்தத் திரையைத் திறந்தே பல வருடம் இருக்கும்.

மோ-லி ஓட்டினாள். ஓட்டம் எங்கும் நிற்காமல் முடிந்தது. திரையில் உறை வந்தது: தினம் இரவு, அரை மாத்திரை.

"இன்னொரு தடவை."

அரை மாத்திரை. எழுத்தில், கொட்டை கொட்டையாக.

"புள்ளி வெச்சும் ஏன் நிக்கல?" என்றான் ஆ-ஷெங். "தூங்கற நேரம்னு அதுவும் படுத்துடுச்சா?"

யா-பிங் சிவப்புப் புள்ளிகளை ஃபைல் முழுக்க விதைத்தாள். மறுபடி ஓட்டினாள். இந்த முறை ஓட்டம் நின்றது. குற்றம் சாட்டப்பட்ட வரியில் இல்லை. நாற்பது வரி தள்ளி, வேறொரு விதிக்குள்.

"மாத்திரைக்கு ரெண்டு விதி வெச்சிருக்கியா?"

"ஆமா அக்கா. முழுசுக்கு ஒண்ணு. பின்னமா வந்தா தனியா ஒண்ணு. பின்னத்துக்கு அதுதான் முந்திக்கும்."

"எதுக்குத் தனியா?"

மோ-லி தலையைக் குனிந்தாள். "எங்கப்பாவுக்குக் கண்ணு மங்கல். புள்ளி அஞ்சுன்னு போட்டா புள்ளி தெரியாது. அதான் எழுத்துல 'அரை'ன்னு வரட்டும்னு... யாரும் கேக்கல. நானாத்தான் எழுதினேன்."

யா-பிங் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஆ-ஷெங்குக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அது வந்தால் யாரோ ஒருவன் அன்றிரவு சாப்பிடமாட்டான்.

"இங்க பாரு. திருட்டு வரிய ஒட்டினவன், முழு மாத்திரை விதிக்குள்ள ஒட்டியிருக்கான். அரை மாத்திரை அந்தப் பக்கமே போகாது. நீ எழுதின விதி வாசல்லயே அதைக் கூட்டிட்டுப் போயிடுது. கொலைகாரன்னு கூண்டுல ஏத்தின வரி, செத்தவன் வீட்டுத் தெருவுக்கே போகல."

"இன்னும் யாரும் சாகல தலைவி," என்றான் ஆ-ஷெங்.

"சரி. ஆனா உறையில அஞ்சுன்னு அச்சாகியிருக்கு. போட்டோவ நானே பாத்தேன். இந்த ஃபைல ஆயிரம் தடவை ஓட்டினாலும் அஞ்சு வராது. அப்ப அந்த உறை வேற ஃபைல்லேர்ந்து வந்திருக்கு. வேற எங்கேயோ, வேற ஒரு மெஷின்."

"வேற மெஷின் இல்லையே அக்கா," என்றாள் மோ-லி. "எட்டுதான்."

"எட்டா?" ஆ-ஷெங் காதைச் சொறிந்தான். "டீ வைக்க இடம் தேடி மெஷின் ரூம் பக்கம் போனேன். கதவுல எட்டு மெஷின்னுதான் ஒட்டியிருக்கு. கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். எனக்குப் பசி, அதனால வேற எதுவும் கண்ணுல படல. பச்சை பாக்கெட் மட்டும் எண்ணினேன். ஒன்பது."

யா-பிங் நிமிர்ந்தாள்.

தேங்காய் ருசி சோளப்பொரி பாக்கெட். இந்தத் தீவு நாட்டில் அது இல்லாத மெஷின் ரூம் கிடையாது. மெஷின் சமர்த்தாக இருக்க அதன் தலைமேல் ஒன்று வைப்பார்கள். பச்சைதான் வைக்க வேண்டும்; பச்சை விளக்கு எரிந்தால்தானே எல்லாம் சரி. காலாவதி ஆகக் கூடாது. பிரித்துத் தின்றுவிட்டால் அன்றைக்கே மெஷின் படுக்கும். இன்ஜினியரிங் படித்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. ஆனால் எடுத்துவிடச் சொன்னால் அவர்களில் ஒருவர்கூட எடுக்கமாட்டார்கள்.

"செத்த மெஷினுக்கு எவன் படையல் வைப்பான்?" என்றாள் யா-பிங்.

"மூலையில ஒண்ணு இருக்கு," என்றாள் மோ-லி மெதுவாக. "பழசு. போன வருஷமே நிறுத்தியாச்சுன்னு ஹௌ சார் ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் குடுத்துட்டாரு. துணி போட்டு மூடியிருக்கும்."

மணி ஒன்று எட்டு. மூவரும் எழுந்தார்கள்.

மெஷின் ரூமில் குளிரில் பல் கிட்டியது. எட்டு மெஷினும் வரிசையாக முனகிக்கொண்டிருந்தன. மூலையில் சாம்பல் துணிக்கடியில் ஒன்பதாவது. துணிமேல் பச்சை பாக்கெட் ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி.

ஆ-ஷெங் பாக்கெட்டைத் தொடாமல் துணியை ஓரமாகத் தூக்கினான். உள்ளே பச்சை விளக்கு மினுக்கியது.

"பொணம் மூச்சு விடுது தலைவி."

மோ-லி கேபிளைச் சொருகினாள். எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கு, எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல். உள்ளே ஒரே ஒரு ஸ்டைல்ஷீட். கடைசியாகத் திருத்தப்பட்டது திங்கட்கிழமை மாலை ஐந்து நாற்பது. திருத்தியது யார் என்ற இடத்திலும் பொதுக் கணக்கு. அதாவது யார் வேண்டுமானாலும்.

"அதே சீட்டு. புள்ளி வெச்சு ஓட்டு."

ஓட்டம் இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. நேராக வந்து சிவப்புப் புள்ளியில் நின்றது. யா-பிங் ஒவ்வொரு அடியாக நகர்த்தினாள். உள்ளே 0.5. பூஜ்யம் போனது. புள்ளி போனது. அடுத்த அடி: தினம் இரவு, 5 மாத்திரை.

மோ-லி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாக எல்லோரும் அவள்தான் என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கே பாதி சந்தேகம் வந்திருந்தது போல.

"மேல போ. தலைப்புல யார் பேரு இருக்குன்னு பாரு. மாட்டினான்."

மோ-லி மேலே உருட்டினாள். முதல் வரியில் நின்றாள்.

எழுதியவர்: தூ யா-பிங்.

ஆறு வருடத்துக்கு முன், இதே மாடியில், முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் எழுதியது. பெயரைப் போட்டபோது இருந்த கர்வம் கூட அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நல்ல ஃபைல்," என்றது வாசலில் ஒரு குரல். "அந்தக் காலத்துலயே ரொம்ப சுத்தமா எழுதுவீங்க, மிஸ் தூ."

மேலாளர் ஹௌ ஷு-மிங் நின்றிருந்தான். ஐம்பது வயது, அலுவலகச் செருப்பு, கன்னத்தில் தலையணை ஜிப்பின் அச்சு. தூக்கக் கலக்கம் கொஞ்சமும் இல்லை.

"பால் டீ வாசனை வந்துச்சு. நான் ஆர்டர் பண்ணலையே, யாரு பண்ணாங்கன்னு பாக்க வந்தேன்."

"உங்களுக்கும் ஒண்ணு இருக்கு சார்," என்றான் ஆ-ஷெங். "ஆறிடுச்சு."

ஹௌ அவனைப் பார்க்கவே இல்லை. "மிஸ் தூ, இந்த ஃபைல் வெளியில போனா முதல்ல வர்ற பேரு உங்களோடது. ஏற்கெனவே உங்க கையெழுத்துல 'கவனக்குறைவு'ன்னு ஒரு கடிதம் என் அலமாரில இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஆஸ்பத்திரிக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"கடைசியா திருத்தினது திங்கட்கிழமை. நான் இங்கேர்ந்து போயி ஆறு வருஷம் ஆச்சு."

"பொதுக் கணக்கு. அந்தக் கடவுச்சொல்ல நாங்க மாத்தவே இல்ல. உங்களுக்கும் தெரியும்தானே?" அவன் சிரித்தான். "பழி வாங்க வந்தவங்க வீட்லேர்ந்தே மாத்தியிருக்கலாமே. எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு என்மேல எவ்வளவு பாசம்னு."

பொய்தான். ஆனால் நன்றாகத் தைத்த பொய்.

"இப்படி வெச்சுக்குவோம்," என்றான் ஹௌ, சந்தையில் மீன் பேரம் முடிக்கிற குரலில். "பழைய மெஷின், தானா உயிர் வந்து தானா கோளாறு ஆயிடுச்சு. மோ-லி கையெழுத்துப் போட வேணாம், வேலையும் போகாது. நீங்க லிஃப்ட்ல இறங்கிப் போயிடுங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

மோ-லி யா-பிங்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. யா-பிங்குக்கு அது புரிந்தது. அவள் தலையாட்டினால் போதும், இந்தப் பெண் ஊருக்குப் போய் அப்பா முகத்தைப் பார்க்கலாம். ஆறு வருடம் ஊற வைத்த பழியை மட்டும் இங்கேயே துப்பிவிட்டுப் போக வேண்டும்.

அவள் மெஷின்மேல் இருந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

"இது யார் வெச்சது சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? இந்த மூட நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. மீட்டிங்லயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

"ஞாபகம் இருக்கு. நான் வெச்சதை என் கண்ணு முன்னாடியே பிரிச்சுத் தின்னீங்க. அப்ப இதையும் எடுத்து இவன்கிட்ட குடுங்க. பசியில கெடக்கான்."

"காலையில ஒரு முட்டை அடை சாப்பிட்டதோட சரி சார்," என்று ஆ-ஷெங் கையை நீட்டினான். "சோளப்பொரிதானே, எடுங்க."

ஹௌ ஒரு அடி வைத்தான். கையை நீட்டினான். பாக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. கை திரும்பி அவனுடைய சட்டைப் பாக்கெட்டுக்குள் போனது.

"அத எடுக்கக் கூடாது. சாயங்காலம் அச்சு இருக்கு. அது இன்னும் காலாவதியும் ஆகல."

"அப்படியா," என்றாள் யா-பிங். "காலாவதி தேதி பின்பக்கம்ல இருக்கும்? அது சுவரைப் பாத்துத் திரும்பியிருக்கு. நாங்க யாரும் தொடவே இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஹௌ வாசல் பக்கம் பார்த்தான்.

பாக்கெட்டைத் திருப்பியது மோ-லிதான். தூக்காமல், இருந்த இடத்திலேயே இரண்டு விரலால், கோயில் விளக்கைத் திருப்புகிற மாதிரி. பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் பொடிப் பொடியாக எழுதியிருந்தது. சாமியிடம் போனால் பெயர், பிறந்த நாள், விலாசம் சொல்லிவிட்டுத்தானே எதையும் கேட்க வேண்டும்? சொல்லாவிட்டால் கேட்டது யார் என்று சாமிக்கு எப்படித் தெரியும்? எழுதியவன் முறை தவறவில்லை. ஹௌ ஷு-மிங். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம். ஆறாவது மாடி, மேலாளர் அறை. திங்கள் மாலை ஐந்து நாற்பது, திருத்தி ஓட்டுகிறேன். இன்றைய அச்சு தடங்கலில்லாமல் போக அருள வேண்டும்.

"அடேயப்பா," என்றான் ஆ-ஷெங். "போலீஸ்கூட இவ்வளவு விவரம் கேக்காது."

"கணினில உங்க பேரு எங்கேயும் வராம பாத்துக்கிட்டீங்க," என்றாள் யா-பிங். "இத மட்டும் எடுக்க மனசு வரல."

"புது மெஷின் எட்டும் அடைச்சுக்கிச்சு," என்றான் ஹௌ. குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "ஆயிரத்துக்கு மேல உறை நிக்குது. ஆஸ்பத்திரிலேர்ந்து கத்தறாங்க. பழசை எழுப்பினேன். 1.0ன்னு அச்சாகுது, அசிங்கமா இருக்குன்னாங்க. ரெண்டு நிமிஷத்துல ஒரு வரி போட்டேன். முழு மாத்திரை ஒண்ண ஓட்டிப் பாத்தேன், சரியாத்தான் வந்துச்சு. பாக்கெட்டும் வெச்சேன்."

"வெச்சுட்டு, மறுநாள் காலையில அதே வரிய இவ ஃபைல்ல ஒட்டினீங்க."

வாசலில் விளக்கு எரிந்தது. ஒன்றரை. எழுந்தவர்கள் கையில் பால் டீயோடு கண்ணாடிக்கு வெளியே கூடியிருந்தார்கள். யாரும் உறிஞ்சவில்லை.

யா-பிங் இந்த நிமிடத்துக்காக ஆறு வருடம் வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். நீளமான வசனம். வாயைத் திறந்தாள்.

"சார்," என்றாள் மோ-லி, அவளை முந்திக்கொண்டு. "திங்கட்கிழமை இந்த மெஷின்ல மொத்தம் எத்தனை உறை போச்சு?"

ஹௌ கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தான்.

"ஒரே ஒரு உறைதான் தப்பு, அந்த வரி பத்து நிமிஷம்தான் இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தீங்க. என்னைக் கூடக் கையெழுத்துப் போடச் சொன்னது அதுலதான்." அவள் விரல்கள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை இந்த மெஷினில் அச்சான சீட்டு எல்லாவற்றையும் அந்த ஃபைலில் ஓட்டி, புள்ளியில் நிற்கிற அரை மாத்திரைகளை மட்டும் வடித்தாள். "ஆயிரத்து இருநூத்து நாலு. அதுல அரை மாத்திரை பத்தொன்பது."

அவள் பட்டியலைக் கீழே உருட்டினாள்.

"அந்தத் தாத்தாவத் தவிர இன்னும் பதினெட்டுப் பேரு," என்றாள் மோ-லி. "திங்கள் ராத்திரி சாப்பிட்டிருப்பாங்க. நேத்து ராத்திரியும்."

யா-பிங் தன் வசனத்தை அங்கேயே விட்டுவிட்டாள். இவனுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மேஜையில் தலையணை போட்டுத் தூங்கியிருக்கிறான்.

"ஆ-ஷெங், ரெண்டு மணி மீட்டிங்குக்கு ஆஸ்பத்திரி ஆளு யாராவது வந்துட்டாங்களான்னு பாரு. ஓடு."

அவன் கூட்டி வந்தது மருந்தகத் தலைவி பெங் அம்மாளை. குட்டை முடி, மூக்குநுனியில் கண்ணாடி. கையெழுத்து வாங்க வந்தவர் கையில் இன்னும் கோப்பு இருந்தது. மோ-லி நான்கு வாக்கியத்தில் சொன்னாள். முடித்ததும் யா-பிங் முன்னால் வந்தாள்.

"அந்த ஃபைல்ல என் பேரு இருக்கும்மா. எழுதினது நான்தான். விசாரணைன்னு வந்தா எங்க கூப்பிட்டாலும் வரேன்."

"அதெல்லாம் அப்புறம்," என்றார் பெங் அம்மாள். கோப்பைக் கீழே போட்டுவிட்டுத் திரையருகே குனிந்தார். "நம்பரச் சொல்லு பொண்ணே. பாதி நான் கூப்பிடறேன், பாதிய மருந்தகத்துக்கு அனுப்பு. தனியா இருக்கிறவங்க முதல்ல. எண்பது வயசுக்கு மேல யாரு?"

மோ-லி படிக்கப் படிக்க, பெங் அம்மாள் வாசலிலேயே நின்று எண்களை அழுத்தினார். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களில் இரண்டு பேர் டீயை வைத்துவிட்டு உள்ளே வந்து ஆளுக்கு ஒரு பெயர் கேட்டார்கள்.

யா-பிங் மேஜைத் தொலைபேசியை இழுத்து ஹௌவின் முன் வைத்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ஒண்ணு நீங்க."

"நானா? நான் டாக்டர் இல்ல, மருந்தாளுநர் இல்ல. என்ன பேசறது?"

"என்னை எழுத வெச்சீங்க. இவளை எழுத வைக்கப் பாத்தீங்க. நீங்க எழுத வேணாம் சார், வாயால சொன்னாப் போதும். என்ன ஆச்சு, யாரால ஆச்சு. சொல்லிட்டு, என்ன பண்ணணும்னு பெங் அம்மா சொல்றத அப்படியே சொல்லுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். முப்பது பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் தலையணை மடிப்பு. மோ-லி எண்ணைச் சொன்னாள். அவன் அழுத்தினான்.

நான்காவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னணியில் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது.

"நான்... மருந்து உறை அச்சடிக்கிற கம்பெனிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் திங்கட்கிழமை குடுத்த மருந்து விஷயமா." ஹௌ உதட்டை நக்கினான். "அவங்க இருக்காங்களா?"

"அம்மாவா? இன்னும் எழுந்திரிக்கல." பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. "பாவம், ரெண்டு மூணு மாசமா ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டேதான் கெடந்தாங்க. இந்த மருந்து நல்லா கேக்குது. அசந்து தூங்கறாங்க. அதான் சாப்பாட்டுக்குக்கூட எழுப்பாம விட்டுட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்திரண்டு. பெங் அம்மாள் தன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஹௌவின் கை போனை வைத்துவிட நகர்ந்தது. யா-பிங் அந்தக் கையை மேஜையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"சொல்லுங்க."

"மேடம்," என்றான் ஹௌ. குரல் பிசிறியது. "அந்த உறையில நான் தப்பா போட்டுட்டேன். அரை மாத்திரைதான். அஞ்சு இல்ல. போய் அவங்கள எழுப்புங்க. இப்பவே. எழுந்திரிக்கலைன்னா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் ரிசீவர் எதன்மேலோ மோதி விழுகிற சத்தம். செருப்புச் சத்தம் உள்ளே ஓடியது. ஒரு கதவு திறந்தது. "அம்மா" என்றது குரல், தொலைவிலிருந்து, சாதாரணமாக.

பிறகு இன்னொரு முறை, சத்தமாக.